குதிரைக்காரரின் கழுத்துத் துணி

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். வரவுசெலவுத் திட்டம் முதல் வாய்க்கால் வெட்டியது வரை எத்தனையோ எழுதியிருக்கிறேன். குதிரைகளைப் பற்றி எழுதியது மட்டும் ஒரே ஒரு தடவை. நெடுந்தீவில் காடுமேடாகத் திரியும் குதிரைகள் வரட்சிக் காலத்தில் குடிக்க நீரின்றி மடிவது பற்றிய செய்தி அது. அதற்கப்பால் குதிரைக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் இன்று குதிரைச் சவாரிக்காரர் கழுத்தில் கட்டும் ஒரு வெள்ளைத் துணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் பேத்திதான்.

2023 மே மாதம் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் வசிக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பேத்திக்கு அப்போது வயது பதினைந்து. ஒன்பது வயதில் யாரோ ஒரு தோழியின் பிறந்தநாள் விழாவிலே குதிரை முதுகில் ஏறியவள் அதன் பிறகு இறங்கவேயில்லை. அவளுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. ஒரு லாயத்தில் சனி ஞாயிறுகளில் சாணம் அள்ளி, தண்ணீர் சுமந்து, அதற்குப் பதிலாகச் சவாரி கற்றுக்கொண்டாள். முகம் தெரியாத விலங்கின் சாணத்தை அள்ளுவதற்காக விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பும் பிள்ளை, வீட்டில் தான் குடித்த கோப்பையைக் கழுவமாட்டாள் என்பது மகளின் நிரந்தர முறைப்பாடு.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதன்முறையாக ஒருநாள் போட்டியொன்றில் கலந்துகொள்ளவிருந்தாள். ஒருநாள் போட்டி என்பது மூன்று பகுதிகளைக் கொண்டது. காலையில் ‘ட்ரெஸாஜ்’. மணல் அல்லது புல் பரப்பிலே குறித்த ஒழுங்கில் குதிரையை நடத்தியும் துள்ளோட்டம் ஓட்டியும் காட்டுவது. நாட்டியத்தில் அடவு பிடிப்பது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வண்ணக் கம்பங்களைத் தாண்டுவது. கடைசியில் வயல், மேடு, பள்ளம், நீர்நிலை எல்லாம் கடந்து அசையாத மரத் தடைகளைத் தாண்டி ஓடும் குறுக்குநாட்டு ஓட்டம். தாய்மாருக்கு நெஞ்சிடி வருவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். வண்ணக் கம்பம் குதிரையின் கால் பட்டால் விழுந்துவிடும். மரக்குற்றி விழாது, குதிரைதான் விழும்.

ட்ரெஸாஜுக்கு உடை ஒழுங்கு உண்டு. கறுப்பு அல்லது கருநீல மேலங்கி, வெளிர்நிறக் காற்சட்டை, கையுறை, கழுத்தில் வெள்ளை ‘ஸ்டொக்’. இந்த ஸ்டொக் நமது ரை போன்றதல்ல. கழுத்தை முழுதாகச் சுற்றி, தொண்டையின் முன்னால் முடிச்சிட்டு, இரண்டு தலைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மார்பில் படியவிட்டு, நடுவில் பொன்னிற ஊசி ஒன்று குத்துவது. இப்போது பெரும்பாலானோர் அணிவது கடையில் முன்கூட்டியே முடிச்சிட்டு விற்கும் ஸ்டொக். பின்னால் ஒட்டுப்பட்டி இருக்கும். இழுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. பேத்தியிடம் இருந்ததும் அதுதான். அன்று காலை ஏழரை மணிக்கு, திறந்த வயலில் நிறுத்தியிருந்த குதிரை வாகனத்தின் அருகே, அவள் அதை இழுத்து ஒட்டியபோது ஒட்டுப்பட்டி தையலோடு பிய்ந்து கையில் வந்தது. அவள் களமிறங்க வேண்டிய நேரம் எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். இந்தப் போட்டிகளில் நேரத்தை இப்படித்தான் நிமிடக் கணக்கில் கொடுக்கிறார்கள். நம்மூர்க் கூட்டங்களுக்குச் செய்தியாளனாகப் போய்ப் பழகிய எனக்கு அது வேற்றுலக வழக்கமாகத் தெரிந்தது.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. மகள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த விலங்கு மற்றக் குதிரைகளைக் கண்ட உற்சாகத்தில் ஓரிடத்தில் நிற்க மறுத்துக்கொண்டிருந்தது. அப்போது லாயத்துக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு மூதாட்டி உதவிக்கு வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் நரிவேட்டைக்குப் போனவர். தமது காரின் பின்பக்கத்தில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தார். மெல்லிய தாளுக்குள் மடித்து வைத்த நீண்ட வெள்ளைத் துணி ஒன்று அதற்குள் இருந்தது. “என் விரல்கள் மூட்டுவாதத்தால் மடங்கிவிட்டன. என்னால் கட்ட முடியாது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் கட்டுங்கள்” என்றார் என்னிடம்.

“அம்மப்பா, உங்களுக்கு ரை கட்டத் தெரியும்தானே?” என்றாள் பேத்தி. தெரியும் என்றேன். தெரிந்தது போதாது என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிட்டது.

துணி ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளம் இருக்கும். தடித்த பருத்தி. விரல் வைத்தால் தட்டுப்படும் சிறு சிறு மேடுகளாக நெய்திருந்தது. நடுவிலே பல மடிப்பாகக் குறுகி, இரு முனைகளிலும் அகன்று செல்லும். நடுப்பகுதியில் ஒரு பொத்தான் துளை. இன்னும் சற்றுத் தள்ளி, துணியிலேயே தைத்த ஒரு சிறிய வளையம். இவ்வளவுதான் இதன் பொறிமுறை.

கழுத்துப்பட்டை இல்லாத சட்டையின் மேல் பொத்தானில் அந்தத் துளையை மாட்டவேண்டும். அப்போது துணியின் நடுப்பகுதி தொண்டையின் முன்னால் அழுந்திப் படியும். இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுபோய், பிடரியில் ஒரு முனையை அந்த வளையத்துக்குள்ளால் நுழைத்து, குறுக்காக மாற்றி மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சுருக்கம் விழக்கூடாது. இறுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். “அவளுடைய இரண்டு விரல் உள்ளே போகவேண்டும், மூன்றாவது போகக்கூடாது” என்றார் மூதாட்டி. பிறகு இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே வந்ததைக் கீழிருந்து மேலாக நுழைத்து இழுக்கவேண்டும். அது அரை முடிச்சு. அதன்மேல் இன்னோர் அரை முடிச்சு.

செய்தேன். முனைகள் இரண்டும் பக்கவாட்டில் படிந்து கிடப்பதற்குப் பதிலாக, ஒன்று நாடியை நோக்கி மேலேயும் மற்றது நெஞ்சை நோக்கிக் கீழேயும் நீட்டிக்கொண்டு நின்றன. மூதாட்டி தலையை அசைத்தார். “இது தவறான முடிச்சு. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தவறான முடிச்சை நான் முன்னரும் ஒரு தடவை கட்டியிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30. அந்தத் திகதி நினைவுள்ள வாசகர்களுக்கு அதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாண நகரத்தையும் வலிகாமத்தையும் விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று அன்று மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தென்மராட்சிப் பக்கமாக நகர்ந்தது. மழை. நான் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றிரவு செய்தியாளன், சனம் என்ற வேறுபாடு இருக்கவில்லை. நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த வெள்ளத்தோடு போனேன். ஓர் அடி வைப்பதற்கு ஐந்து நிமிடம் நிற்கவேண்டியிருந்தது.

எனக்கு முன்னால் போன ஒருவருடைய சைக்கிளின் பின்கரியரில் மூட்டை ஒன்றின் மேல் ஒரு சிறுவன் இருந்தான். எட்டு வயதிருக்கும். நெரிசலில் சைக்கிள் சரிந்தது. பையன் கையை ஊன்றி விழுந்தான். எழுப்பியபோது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் கை வளைந்திருந்தது. தகப்பன் திகைத்து நின்றார். பின்னால் இருந்து சனம் தள்ளிக்கொண்டிருந்தது. என்னுடைய பையில் பழைய பத்திரிகைகள் இருந்தன. அவற்றைத் தடிப்பாக மடித்துக் கையின் கீழ் வைத்தோம். பக்கத்தில் வந்த ஒரு முதியவர் தோளில் கிடந்த சால்வையை உருவித் தந்தார். “கையைத் தூக்கிக் கட்டுங்கோ” என்றார். பள்ளிக்கூடத்தில் சாரணனாக இருந்தவன் நான். முதலுதவிச் சின்னம் வாங்கியவன். அந்த மிதப்பில் நானே முன்வந்து, சால்வையைப் பையனின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

பத்தடி போவதற்குள் நனைந்த துணி வழுக்கி முடிச்சுக் கழன்றது. தொங்கிய கையோடு அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

முதியவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, உது நிக்காது. விடு, நான் கட்டுறன்” என்று வாங்கினார். கட்டிக்கொண்டே சொன்னார்: “ஒருக்கா இஞ்சாலை, ஒருக்கா அங்காலை. ரண்டும் ஒரே பக்கமாப் போகக்கூடாது.” அவர் கட்டியது கழரவில்லை. நாவற்குழி தாண்டும் வரை நான் பார்த்தேன். அதன் பிறகு கூட்டத்தில் தவறிவிட்டார்கள். அந்தச் சிறுவனின் பெயரை நான் கேட்கவில்லை. முதியவருடைய ஊரையும் கேட்கவில்லை. சில நாட்களின் பின் நான் அனுப்பிய நீண்ட செய்தியில் இடம்பெயர்ந்தோர் எத்தனை பேர், எந்தெந்தப் பாடசாலைகளில் தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருந்தது. சால்வையை இழந்த முதியவர் அதில் இல்லை. முடிச்சுக் கழன்ற கதையும் இல்லை. அதை எழுதாமல் விட்டதற்கு இடமின்மை காரணமல்ல. எழுத வெட்கமாக இருந்தது.

வயலுக்குத் திரும்புவோம். நான் ஏதோ யோசனையில் நிற்பதைக் கண்ட பேத்தி “அம்மப்பா, நேரம்” என்றாள். அவிழ்த்தேன். முதல் அரை முடிச்சில் இடப்பக்கத்து முனை வலப்பக்கத்தின் மேல் போனதென்றால், இரண்டாவதில் வலப்பக்கத்து முனை இடப்பக்கத்தின் மேல் போகவேண்டும். எது முதலில் என்பது முக்கியமில்லை, இரண்டாவது முதலாவதற்கு எதிராக இருக்கவேண்டும். அவ்வளவுதான். ஒருக்கா இஞ்சாலை, ஒருக்கா அங்காலை. இம்முறை முனைகள் இரண்டும் சொன்னபடி கேட்டுப் பக்கவாட்டில் படிந்தன. முடிச்சு தட்டையாக, ஒரு சிறிய தலையணை போலத் தொண்டைக் குழியில் அமர்ந்தது.

ஆங்கிலத்தில் இதை ‘ரீஃப்’ முடிச்சு என்பார்கள். பாய்மரக் கப்பலில் பாயைச் சுருக்கிக் கட்ட மாலுமிகள் பயன்படுத்தியது. தவறாகக் கட்டியதற்கு ‘பாட்டி முடிச்சு’ என்று பெயர். பாட்டிமார் என்ன பிழை செய்தார்களோ தெரியவில்லை. முதலுதவிக்காரர்கள் கட்டுப்போட ரீஃப் முடிச்சைத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தட்டையாகப் படிவதால் காயம்பட்டவரின் உடலில் உறுத்தாது. ஒரு முனையைப் பிடித்து அதன் பக்கமாகவே வெட்டி இழுத்தால் இலேசாகக் கழன்றும் விடும். இந்தியாவிலும் இலங்கையிலும் கனடாவிலும் உள்ள சாரணப் பிள்ளைகளின் சட்டையில் இருக்கும் உலகச் சாரணர் சின்னத்தை உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள கயிற்றின் அடியில் இருப்பது இந்த முடிச்சுத்தான்.

பிறகு தலைப்புகள் இரண்டையும் முடிச்சை மறைக்கும்படி குறுக்காக மார்பில் இறக்கினேன். அவை குறுக்கிடும் இடத்தில், மூதாட்டி தந்த பொன்னிற ஊசியைக் குத்தவேண்டும். நான் நெடுக்காகக் குத்தப் போனேன். “இல்லை, கிடையாக” என்று என் கையைப் பிடித்தார். விழும்போது நெடுக்காக நிற்கும் ஊசி நாடியிலோ தொண்டையிலோ ஏறிவிடும், கிடையாகக் கிடந்தால் அந்த ஆபத்துக் குறைவு என்றார். தலைப்புகளின் அடி முனைகளை மேலங்கிக்குள் இரண்டு சேஃப்டி பின்களால் சட்டையோடு பிணைத்தோம். காற்றில் பறந்து முகத்தில் அடிக்காமலிருக்க.

ஊசியைக் குத்தி முடித்தபோது மூதாட்டி சொன்னார்: “இது அலங்காரத்துக்கு அல்ல. வேட்டையில் யாராவது விழுந்தால், கழற்றிக் கையைத் தூக்கிக் கட்டலாம். குதிரையின் காலில் வெட்டுப்பட்டால் அதற்கும் கட்டலாம். அதனால்தான் இவ்வளவு நீளம்.”

நான் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடிய நிலையில் இல்லை.

இந்த விளக்கத்தைச் சவாரிக்காரர் பலரும் சொல்கிறார்கள். எனினும் ஒரு பத்திரிகைக்காரனுக்குச் சந்தேகப்படுவது தொழில். வீட்டுக்கு வந்த பிறகு பழைய நூல்களைப் புரட்டினேன். கழுத்துத் துணியின் வரலாற்றில் கருணை பிந்தித்தான் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்கு வந்த குரோஷியக் கூலிப்படையினர் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் பழகிய வழக்கம் அது. ‘கிறவாத்’ என்ற சொல்லே குரோஷியர் என்ற பெயரிலிருந்து பிறந்தது. 1692இல் ஸ்டீன்கேர்க் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சு அதிகாரிகள் துணியை ஒழுங்காகக் கட்ட நேரமின்றி முறுக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்களாம். அவசரத்தில் செய்த அந்த அலங்கோலமே பிறகு பாரிஸில் நாகரிகமாகிவிட்டது.

18ஆம் நூற்றாண்டில் வந்த இராணுவ ஸ்டொக் இன்னும் கொடியது. சாதாரணச் சிப்பாய்க்கு அது துணியாகக்கூட இருக்கவில்லை. விறைத்த தோல். தலை குனியாதபடி நாடியை நிமிர்த்திப் பிடிப்பதே அதன் வேலை. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினருக்குத் ‘தோற்கழுத்தர்’ என்ற பட்டப்பெயர் வந்தது இதனால்தான். 1798 முதல் 1872 வரை அவர்கள் அதை அணிந்தார்கள். வெயிலில் அணிவகுத்து நின்ற இளைஞர்கள் எத்தனை பேர் அதனால் மூச்சுமுட்டியிருப்பார்கள்.

அதே காலத்தில் லண்டனில் போ பிரம்மெல் என்றொரு நாகரிகச் சீமான் இருந்தார். குதிரைப்படையில் சில காலம் இருந்தவர். துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கட்டும் வழக்கத்தைப் பெரிதாக்கியவர். ஒரு மடிப்புப் பிசகினாலும் அந்தத் துணியை வீசிவிட்டுப் புதிதாக எடுப்பாராம். அவருடைய வேலைக்காரன் கை நிறையக் கசங்கிய துணிகளோடு படியிறங்கி வந்து, இவையெல்லாம் எங்கள் தோல்விகள் என்று விருந்தாளியிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. சீமான் கடனாளியாகி நாட்டைவிட்டு ஓடி, 1840இல் பிரான்சில் ஆதரவற்று இறந்தார். கஞ்சி போட்டு அழுத்திய வேட்டிகளை எவ்வளவு காலம் அம்மா தனியாளாகத் தோய்த்திருப்பார் என்று நினைக்கும்போது, எனக்கு அந்தச் சீமானைவிட வேலைக்காரன் மீதுதான் அனுதாபம்.

ஆகவே முதலில் படையினனின் அடையாளம், பிறகு சிப்பாயின் கழுத்தில் பூட்டிய ஒழுக்கம், பிறகு சீமானின் ஆடம்பரம். நகரத்து நாகரிகம் அதைக் கைவிட்ட பிறகும் வேட்டைக்காரர் கழுத்தில் அது மிஞ்சியது. முள்வேலியும் பள்ளமும் நிறைந்த வயலில், வைத்தியருக்கு எட்டாத தூரத்தில், கையில் இருந்த ஒரே நீளத்துணி அதுதான் என்றபோது காயத்துக்கும் கட்டியிருக்கிறார்கள். கட்டுப்போடுவதற்கென்றே பிறந்த துணி என்ற கதையை நான் நம்பவில்லை. கட்டுப்போடவும் உதவியது என்பதை முழுமையாக நம்புகிறேன். அந்தச் சால்வையும் கட்டுப்போடுவதற்காக நெய்யப்பட்டதல்லவே.

நரிவேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்களை ஏவி நரியைக் கொல்லும் வேட்டையை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2005 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்பதே என் கருத்து. அந்த மூதாட்டி அவ்வாறு கருதமாட்டார் என்பது தெரியும். அவரோடு அதைப்பற்றி வாதாட அன்று எனக்கு மனம் வரவில்லை.

உடையில் எது மாறியது, எது மாறவில்லை என்பதும் யோசிக்கத்தக்கது. ட்ரெஸாஜின் உயர்நிலைப் போட்டிகளில் நீண்டகாலம் பட்டுத் தொப்பிதான் மரபு. 2010 மார்ச்சில் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, தலைக்கவசம் இன்றிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது குதிரை இடறி விழுந்தது. மண்டையோடு வெடித்து அவர் பல வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். அதன்பின் விவாதம் சூடுபிடித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற பிரித்தானிய வீராங்கனை தலைக்கவசத்துடனேயே களமிறங்கினார். 2021 சனவரி முதலாம் திகதியில் இருந்து சர்வதேசப் போட்டிகளில் பட்டுத் தொப்பிக்கு இடமில்லை, கவசம் கட்டாயம். உயிரைக் காக்காத தொப்பி போய்விட்டது. உயிரைக் காப்பதாகச் சொல்லப்படும் துணி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அவிழ்க்க முடியாத, ஒட்டுப்பட்டி வைத்த வடிவத்தில். பிய்ந்துபோன பேத்தியின் ஸ்டொக்கைப் பிரித்துப் பார்த்தேன். கைக்குட்டை அளவு துணிதான் அதில் இருந்தது. ஒரு கோழிக்குஞ்சின் காலைக்கூட அதனால் கட்டமுடியாது.

எட்டு நாற்பத்திரண்டுக்குப் பேத்தி களமிறங்கினாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. புள்ளிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சிரித்தபடி வெளியே வந்தாள், அது போதுமாயிருந்தது. குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு முன் மேலங்கியைக் கழற்றி, உடற்கவசம் அணிந்து, அதன்மேல் விழுந்தால் காற்று நிரம்பும் இன்னோர் அங்கியையும் மாட்டினாள். ஊசியை என் கையில் தந்தாள். ஓடும்போது அது இருக்கக்கூடாது என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். துணியை மட்டும் கவசத்துக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டு இலக்கம் முன்னால் போன ஒரு பெண் நீர்த்தடையில் விழுந்தாள். குதிரை நின்றுவிட்டது, அவள் தலைக்கு மேலால் போனாள். அங்கி ஊதிய சத்தம் வெடி போலக் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் மருத்துவ உதவியாளர்கள் வந்துவிட்டார்கள், பச்சை உடையில், பெரிய பையோடு. யாரும் யாருடைய கழுத்திலிருந்தும் துணியை அவிழ்க்கவில்லை. அந்தப் பெண் சேறு சொட்ட எழும்பித் தானாகவே நடந்து போனாள். இப்படி ஒரு வண்டியும் இப்படி ஒரு பையும் நாவற்குழி வீதியில் இருந்திருந்தால் என்று நான் நினைத்ததைத் தவறென்று சொல்லமாட்டீர்கள்.

பேத்தி விழவில்லை. ஒரு தடையில் குதிரை மறுத்தது, இரண்டாம் தரம் தாண்டியது. எத்தனையாம் இடம் என்று கேட்டேன். கேட்காதீர்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை நானே தோய்த்தேன். குதிரையின் பச்சை எச்சில் கறை போவதற்கு மூன்று நாள் எடுத்தது. சோற்றுக் கஞ்சியை வடித்து, அளவாகத் தண்ணீர் விட்டு, அதில் முக்கி நிழலில் காயப்போட்டு அழுத்தினேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது மூதாட்டி வாங்கவில்லை. பிள்ளையே வைத்திருக்கட்டும், ஆனால் அடுத்த தடவை அவளே கட்டவேண்டும் என்றார்.

அன்றிரவு பேத்தி என்னைக் கதிரையில் இருத்தி, என்னுடைய கழுத்தில் கட்டிப் பழகினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு வயதுக் கிழவன் ஒருவன், சாறத்துக்கு மேல் வெள்ளைத் துணி கட்டிய பிரபு. மகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கனடாவில் உள்ள மகனுக்கு அனுப்பிவிட்டாள். பேத்தி முதல் அரை முடிச்சுப் போட்டாள், இரண்டாவதும் போட்டாள். ஒரு முனை என் நாடியைக் குத்தியது.

“பிழை” என்றேன்.

“எப்படித் தெரியும்? நீங்கள் பார்க்கவேயில்லை.”

“கழட்டு, திரும்பக் கட்டு. ஒருக்கா இஞ்சாலை...”

“ஒருக்கா அங்காலை” என்று முடித்தாள். காலையில் வயலில் அதை நான் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். மணி பத்தாகியிருந்தது, அடுத்த நாள் அவளுக்குப் பள்ளிக்கூடம். இருந்தும் நாவற்குழியிலிருந்து தொடங்கினேன்.